இரண்டாவது சைகை

வெர்லின் ஹோமனுக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. சட்டை போடும்போது அந்தக் கையை முதலில் நுழைப்பான், கழற்றும்போது கடைசியில் எடுப்பான். கை விழுந்துபோனவர்களுக்கு முதியோர் இல்லத்தில் சொல்லிக்கொடுக்கும் முறை அது. அங்கே வேலை பார்க்கும் அவன் மனைவி ரோசான் அவனுக்கும் அதைப் பழக்கியிருந்தாள். இப்போது ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தொரு வருஷமாகக் கேஸ் லாரி ஓட்டுகிறான். ஒஹாயோவின் மேற்கு ஓரத்தில் பர்க்கெட் ஊரைச் சுற்றியிருக்கும் பண்ணைகளுக்குப் போய், வாசலில் நிற்கும் பெரிய தொட்டிகளில், வீட்டையும் கொட்டகையையும் சூடாக்கும் எரிவாயுவை நிரப்பிவிட்டு வருவான். குழாயை இடது கையால்தான் இழுப்பான்.

அந்த வலது கைதான் ஒரு காலத்தில் மணிக்குத் தொண்ணூற்று மூன்று மைல் வேகத்தில் பேஸ்பால் எறிந்தது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். 1987ஆம் வருஷம் மே மாதம், வெண்டலின் கல்லூரிக்காக ஆடிய ஓர் ஆட்டத்தில் பதினேழு பேரை மட்டையில் பந்து படாமலே வெளியே அனுப்பினான். கல்லூரியில் இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை.

இந்த வருஷம் செப்டம்பர் முதல் வாரத்தில் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. விளையாட்டு அரங்கின் நுழைவாயிலில் புகழ்ச்சுவர் என்று ஒன்று உண்டு. பழைய ஆட்டக்காரர்களின் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து அதில் பதிப்பார்கள். வெர்லினுக்கும் ஒரு தகடு தயாராகிறது. அக்டோபர் பதினான்காம் தேதி சனிக்கிழமை மதியம் விருந்து. வழக்கம்போல அணித்தோழர் ஒருவர் உங்களை அறிமுகப்படுத்துவார். தகட்டு வாசகத்தை இணைத்திருக்கிறோம், பிழை இருந்தால் பத்து நாளுக்குள் தெரிவிக்கவும்.

வாசகம் ஆறு வரி. நாலாவது வரியில் வெர்லினின் கண் நின்றுவிட்டது.

“கேட்சர் சைகையை மாற்றிக் காட்டிய தவறையும் மீறி, கடைசி மட்டைக்காரரையும் வீழ்த்திப் பதினேழு என்ற சாதனையை எட்டினார்.”

கடிதத்தை நாலாக மடித்தான். லாரியில் வெயில் மறைக்கும் பலகைக்குப் பின்னால் செருகினான். பத்து நாள் ஓடிப்போயிற்று. அவன் யாருக்கும் எதுவும் தெரிவிக்கவில்லை.

அந்தக் கேட்சரின் பெயர் கர்ட் நீகேம்ப். ஆனால் பர்க்கெட்டில் அவனைக் கர்ட் என்று கூப்பிடுகிற ஆள் கிடையாது. ரெண்டு. அவ்வளவுதான் பெயர். தீவனக் கடையில் காப்பி குடிக்கிறவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும், அவனுடைய பன்றிக் கொட்டகைக்கு வரும் மருத்துவர்கூட ரசீதில் அப்படித்தான் எழுதுவார்.

பெயர் வந்த கதை இது. பந்தை எறிபவன் பிட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து அதைப் பிடிப்பவன் கேட்சர். அடுத்து என்ன பந்து என்பதைக் கேட்சர்தான் தொடைகளுக்கு நடுவில் விரலைக் காட்டிச் சொல்வான். ஒரு விரல் என்றால் வேகப்பந்து. இரண்டு விரல் என்றால் வளைந்து கீழே விழும் பந்து. ஆனால் எதிரணிக்காரன் ஒருவன் ஓடிவந்து பிட்சருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாம் தளத்தில் நின்றுவிட்டால் அவன் கண்ணுக்கும் விரல் தெரியும், தன் ஆளுக்குச் சாடை காட்டிவிடுவான். அதனால் அப்போது மட்டும் கேட்சர் மூன்று சைகைகளை அடுத்தடுத்துக் காட்டுவான். மூன்றில் எது நிஜம் என்பது முன்பே பேசிவைத்தது. வெண்டலின் அணியில் இரண்டாவதுதான் நிஜம்.

அன்றைக்கு இரண்டாம் தளத்தில் ஆள் நின்றதைக் கர்ட் மறந்துவிட்டான், நிஜத்தை முதலிலேயே காட்டிவிட்டான், கேட்ட பந்து ஒன்று வந்த பந்து வேறு, கட்டைவிரல் நொறுங்கிவிட்டது. ஊர் சொல்கிற கதை இவ்வளவுதான். ரெண்டு எது என்று தெரியாதவனுக்கு ரெண்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வெர்லின் அறிந்த கதை வேறு.

ஆட்டத்தின் கடைசிப் பகுதி. வெண்டலின் ஒரே ஒரு ஓட்டம் முன்னால் இருந்தது. இரண்டு பேர் வெளியேறியாகிவிட்டது, இன்னும் ஒருவன். அந்த ஒருவனும் இரண்டு பந்துகளைத் தவறவிட்டிருந்தான்; மூன்றாவதையும் விட்டால் அவனும் வெளியே. அதுவரை பதினாறு பேரை வெர்லின் வீழ்த்தியிருந்தான். கம்பிவலைக்குப் பின்னால் மூன்று பேர் கையில் வேகமானி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தொழில்முறை அணிகளுக்கு ஆள் தேடுபவர்கள். மூன்றில் இரண்டு பேர் வந்தது கர்ட்டைப் பார்க்கத்தான். அதுவும் வெர்லினுக்குத் தெரியும். மதியமெல்லாம் அது அவன் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

கர்ட் குந்தினான். ஒரு விரல். இரண்டு விரல். ஒரு விரல்.

இரண்டாவது, இரண்டு. வளைபந்து. சந்தேகத்துக்கு இடமே இல்லை. வெர்லின் தலையாட்டினான். சரி என்று தலையாட்டினான். ஆட்டிவிட்டு, வேகமானிகளைப் பார்த்தான். பந்தைப் பிடித்த விரல்களை வேகப்பந்துக்கு மாற்றினான். எது போட்டாலும் கர்ட் பிடித்துவிடுவான், நாலு வருஷமாகப் பிடித்திருக்கிறான் என்று நினைத்தான். எறிந்தான்.

வளைபந்து மண்ணில் விழும் என்று கர்ட் தாழ்ந்து சரிந்திருந்தான். இரண்டாம் தளத்துக்காரன் கிளம்பினால் உடனே எறிய வேண்டும் என்று வெறுங்கையைக் கையுறைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தான். பந்து மேலே வந்தது. மட்டைக்காரன் வீசினான், படவில்லை. பந்து கர்ட்டின் கட்டைவிரலில் போய் இடித்தது. அந்தச் சத்தம் அறுபது அடி தள்ளி நின்ற வெர்லினுக்குக் கேட்டது.

மட்டைக்காரன் தவறவிடும் மூன்றாவது பந்தைக் கேட்சரும் நழுவவிட்டால், அவன் முதல் தளத்துக்கு ஓடலாம் என்பது விதி. அவன் ஓடினான். கர்ட் எலும்பு வெளியே தெரிகிற கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கையுறைக் கையால் பந்தை வாரி, ஓடுகிறவனின் காலில் போய் விழுந்தான். பந்தால் தொட்டுவிட்டான், அவன் வெளியே. ஆட்டம் முடிந்தது. பதினேழு.

பயிற்சியாளர் கர்ட்டின் கையில் சுற்றியிருந்த துண்டைப் பிரித்துக் காயத்தைப் பார்த்தார். “என்னடா நடந்துச்சு?”

“என் தப்பு, கோச். ஆள் நிக்கிறதை மறந்துட்டேன். முதல்லயே காட்டித் தொலைச்சுட்டேன்.”

சொல்லிவிட்டுக் கர்ட் வெர்லினை நிமிர்ந்து பார்த்தான். வெர்லின் பதில் சொல்ல அப்போது பத்து விநாடியாவது இருந்தது. அதற்குள் ஆட்கள் ஓடிவந்து அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

அடுத்த மாதம் வெர்லினை ஒரு தொழில்முறை அணி கடைசிச் சுற்றில் எடுத்தது. வர்ஜீனியா மலைப்பக்கம் ஒரு சின்ன ஊரில் ஒரு கோடைகாலம் எறிந்தான். இரண்டாவது கோடையில் தோள் கிழிந்தது. அறுவை செய்தார்கள், தைத்த இடம் இறுகிக்கொண்டது. ஊருக்குத் திரும்பினான். லாரி கிடைத்தது, ரோசான் கிடைத்தாள், இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து டேட்டன் பக்கம் போய்விட்டார்கள். சொல்லப்போனால் குறை இல்லாத வாழ்க்கை.

கர்ட்டைப் பார்க்க வந்திருந்த அந்த இரண்டு பேரும் வேறு கேட்சர்களைத் தேடிக்கொண்டு போனார்கள். கட்டைவிரல் மூட்டை ஆணி வைத்து இறுக்கிவிட்டார்கள், மடங்காது. அப்பாவின் பண்ணையை எடுத்துக்கொண்டான். பொத்தானை இடது கையால் போடப் பழகினான். வெர்லின் ஐந்து வாரத்துக்கு ஒரு முறை அவன் தொட்டியை நிரப்பப் போவான். முப்பத்தொரு வருஷமும் போயிருக்கிறான். மழை பற்றிப் பேசியிருக்கிறார்கள், பன்றிக் காய்ச்சல் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அந்தப் பந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அக்டோபர் முதல் வாரம் ஒரு காலை, வேலைக்குக் கிளம்புவதற்கு முன் ரோசான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கடுதாசியை லாரியில எதுக்கு ஒளிச்சு வெச்சிருக்கே?”

“ஒளிக்கல. அங்க இருக்கு, அவ்வளவுதான்.”

“கண்ணாடி துடைக்கப் போனேன், மடியில வந்து விழுந்துச்சு. ஆயிரம் தடவை மடிச்சுப் பிரிச்ச மாதிரி இருக்கு. ஒரு மாசமா நீ சரியாச் சாப்பிடல. ரத்த அழுத்தம் நூத்தி எழுபது. நெஞ்சு ஏதாவது வலிக்குதா?”

“இல்ல.”

“அப்போ என்னன்னு சொல்லு. எனக்கு ஏழு மணிக்கு வேலை.”

வெர்லின் காப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தான். “அவன் சரியாத்தான் காட்டினான்.”

“யாரு?”

“கர்ட். ரெண்டாவதா ரெண்டு விரல். வளைபந்து. நான் தலையாட்டினேன். ஆட்டிட்டு வேகப்பந்து போட்டேன்.”

கத்தி நின்றது. “தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சே.”

ரோசான் ரொட்டியை மூடினாள், குறுக்கே வெட்டினாள், காகிதத்தில் சுற்றினாள். “முப்பது வருஷமா மூலத்துலேர்ந்து மூக்கடைப்பு வரைக்கும் எங்கிட்டதான் சொல்லியிருக்கே. இதைச் சொல்லல.”

“எப்படிச் சொல்றது?”

“இப்போ சொன்னியே, அப்படித்தான்.” அவள் உட்கார்ந்தாள். வேலைக்குப் போகிற நேரத்தில் அவள் உட்காருவது அரிது. “கேட்டுக்கோ. கர்ட்டோட அப்பா அர்பன் என் வார்டுல இருக்கார். எண்பத்தொன்பது வயசு. அவரும் அந்தக் காலத்துல கேட்சர். மகன் பெரிய அணிக்குப் போவான்னு வீட்டுக் கொட்டகையில விளக்குப் போட்டுப் பழக்கினவர். நான் தினம் ஓட்ஸ் ஊட்டுறேன். நடுவுல ஸ்பூனைத் தள்ளிட்டு என்ன சொல்வார் தெரியுமா? ‘ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாம நாசமாப் போனான்.’ நேத்து சாப்பிட்டது ஞாபகமில்ல அவருக்கு, இது மட்டும் ஞாபகம் இருக்கு. ஞாயித்துக்கிழமை கர்ட் வந்து இடது கையால அவர் வாயைத் துடைச்சு விடுறான், அவன் முகத்துக்கு நேராவே சொல்றார்.”

வெர்லின் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

“கால் வீக்கம் முழங்காலைத் தாண்டிடுச்சு. நுரையீரல்ல நீர். இந்த மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்தாச்சு, கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்க மாட்டார். அவர் போனதுக்கு அப்புறம் நீ சொல்லி யாருக்கு என்ன?” எழுந்து கோட்டை மாட்டினாள். “முதல்ல கர்ட்கிட்டப் போய்ச் சொல்லு. சுவரு, தகடெல்லாம் அப்புறம்.”

அன்று மதியமே வெர்லின் கல்லூரிக்குப் போன் போட்டான். விளையாட்டு அலுவலகத்தில் டெசா என்கிற இளம்பெண் எடுத்தாள்.

“தகடு வந்துடுச்சு மிஸ்டர் ஹோமன். என் மேசை மேலதான் இருக்கு, பளபளன்னு. பழைய பத்திரிகையெல்லாம் தேடி நான்தான் எழுதினேன். ஏதாவது தப்பா இருக்கா?”

“இல்ல,” என்றான் வெர்லின். “சும்மா கேட்டேன்.”

“உங்களை அறிமுகப்படுத்த மிஸ்டர் நீகேம்ப் ஒத்துக்கிட்டார். ரொம்ப வேடிக்கையா பேசினார்.”

வெர்லின் போனை வைத்தான். அறிமுகப்படுத்தும் ஆளைக் கல்லூரிதான் கேட்கும். அவர்கள் கர்ட்டைக் கேட்பார்கள் என்பதையோ, அவன் ஒத்துக்கொள்வான் என்பதையோ வெர்லின் யோசித்தே இருக்கவில்லை.

புதன்கிழமை கர்ட்டின் தொட்டிக்கு முறை. காற்று அடித்தது. வெர்லின் குழாயை மாட்டித் திறந்துவிட்டு நின்றான். கர்ட் ரப்பர் பூட்ஸோடு கொட்டகையிலிருந்து வந்தான்.

“சனிக்கிழமைக்கு டை கட்டணுமாமே. எனக்கு யாராவது கட்டிவிடணும். சின்னப் பிள்ளை மாதிரி கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கணும்.”

“கர்ட்.”

“கர்ட்டா?” அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். “யாரு செத்துப் போனாங்க?”

“அந்தக் கடைசிப் பந்து…”

“மீட்டரைப் பாரு. எண்பதைத் தொடப்போவுது.”

நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தொட்டியை நிரப்பக் கூடாது, வெயிலில் வாயு விரிந்தால் ஆபத்து. வெர்லின் பாய்ந்து போய் வால்வை மூடினான். திரும்பியபோது கர்ட் பாதித் தூரம் போய்விட்டிருந்தான். போகிறபடியே குரல் கொடுத்தான்.

“மைக்ல என்ன பேசணும்னு எனக்குத் தெரியும். நீ கவலைப்படாதே.”

ஆறுதலா, எச்சரிக்கையா? வெர்லின் லாரியில் ஏறி, அடுத்த பண்ணைக்குப் போகிற திருப்பத்தைத் தவறவிட்டு நாலு மைல் வந்துவிட்டதை அப்புறம்தான் கவனித்தான்.

சனிக்கிழமை. கல்லூரி உணவுக்கூடத்தில் நூற்றைம்பது பேர். பொரித்த கோழி, பன்றித் துண்டு போட்ட பீன்ஸ், மசித்த உருளைக்கிழங்கின் மேல் நூடுல்ஸ். வெர்லின் தட்டில் எல்லாம் வைத்துக்கொண்டு ஒன்றையும் தொடவில்லை. எதிரே ஒரு சின்ன மேசையில் தகடு நீலத்துணி போர்த்தி நின்றது. அவனுக்கு அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமலிருக்கவும் முடியவில்லை.

பக்கத்து மேசையில் அர்பன் சக்கர நாற்காலியில் இருந்தார். வெளியே விட மருத்துவர் தயங்கினாராம்; ரோசான் தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்திருந்தாள். ஆக்சிஜன் உருளையைத் தன் காலுக்கருகே நிறுத்திக்கொண்டு நூடுல்ஸைச் சிறிதாக வெட்டி ஊட்டினாள். கர்ட் அப்பாவின் மறுபக்கம். டை கொஞ்சம் கோணல்.

தீவனக் கடைக் காப்பிக் கூட்டம் ஒரு மேசை முழுக்க உட்கார்ந்திருந்தது. அதில் வாயாடி லானி. “டேய் ரெண்டு,” என்று அங்கிருந்தே கூப்பிட்டான், “மேடைக்கு எத்தனை படின்னு தெரியுமா? இல்ல நான் வந்து எண்ணட்டுமா?”

மேசை சிரித்தது. கர்ட்டும் சிரித்தான். வெர்லின் அந்தச் சிரிப்பை முப்பத்தாறு வருஷமாகப் பார்த்திருக்கிறான். வாய் மட்டும் சிரிக்கும்.

டெசா மேடையிலிருந்து கர்ட்டின் பெயரைச் சொன்னாள். கர்ட் ஏறினான். மைக்கை இடது கையால் இழுத்து வைத்துக்கொண்டான்.

“நாலு வருஷம் இவன் எறிஞ்சதைப் பிடிச்சவன் நான். ஒண்ணைத் தவிர,” என்று மடங்காத கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். கூடம் சிரித்தது. “அது எதுன்னு உங்களுக்கெல்லாம் தெரியும். தெரியாதவங்க லானியைக் கேளுங்க, வாரா வாரம் சொல்றான். எனக்கு ரெண்டு எதுன்னு தெரியாம போனதாலதான் இந்த ஊருக்கு ஒரு கதை கிடைச்சுது. ஆனா ஒண்ணு சொல்றேன். இவன் மாதிரி எறிஞ்சவனை நான் அப்புறம் பார்த்ததில்ல. வெர்லின், வாடா.”

அவ்வளவுதான். பேச்சில் ஒளித்து வைத்த கத்தி இல்லை. கைதட்டல் எழும்பி அடங்கிய இடைவெளியில் அர்பனின் குரல் கேட்டது. காது கேளாதவர்கள் பேசுவதுபோல உரக்க: “எண்ணத் தெரியாத பயல்.”

யாரோ இருமினார்கள். கர்ட் படியிறங்கி வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மோவாயில் வழிந்த குழம்பைத் துடைத்தான்.

வெர்லின் மேடைக்குப் போனான். சட்டைப்பையில் ரோசான் தட்டச்சு செய்து கொடுத்த நன்றி உரை இருந்தது. ஒரு பக்கம். அதை எடுத்து வாசித்துவிட்டு இறங்கினால் எல்லாம் இப்போது இருப்பதுபோலவே இருக்கும். டெசா துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்துப் புன்னகைத்தாள். ரோசான் அவனைப் பார்க்கவில்லை. ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை என்பது அவனுக்குப் புரிந்தது.

“துணியை எடுக்காதேம்மா,” என்றான். “அதுல ஒரு பொய் இருக்கு.”

டெசாவின் கை அப்படியே நின்றது.

“கர்ட் சைகையை மாத்திக் காட்டல. ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு. ரெண்டாவது ரெண்டு. வளைபந்து கேட்டான். நான் பார்த்தேன். சரின்னு தலையாட்டினேன். அப்புறம் வேகப்பந்து எறிஞ்சேன்.” இடது கையால் மைக்கை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்தான். “குழப்பம் ஒண்ணும் இல்ல. வலைக்குப் பின்னால மூணு பேர் இருந்தாங்க, என் வேகத்தைப் பார்க்கட்டும்னு எறிஞ்சேன். விரல் போச்சு. அவன் தன் தப்புன்னு சொன்னான். நான் சும்மா இருந்தேன். அந்தக் கடைசி ஆளை வெளியே அனுப்பினதுகூட நான் இல்ல, உடைஞ்ச கையோட அவன்தான். அவ்வளவுதான்.”

லானி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன சொல்றான் அவன்?” என்றார் அர்பன்.

ரோசான் அவருடைய நல்ல காதுப் பக்கம் குனிந்தாள். அவளுக்குக் குரலைத் தாழ்த்திப் பேசுவது அந்த வேலையில் என்றோ மறந்துபோயிற்று. கூடம் முழுக்கக் கேட்டது. “கர்ட் சரியாத்தான் காட்டினானாம். வெர்லின்தான் மாத்தி எறிஞ்சானாம்.”

“என்ன காட்டினான்?”

“உங்க மகனையே கேளுங்க.”

கர்ட்டின் முகம் சிவந்திருந்தது. எழுந்து போய்விடுவான் என்றுதான் வெர்லினுக்குத் தோன்றியது. அவன் போகவில்லை. நாற்காலியை அப்பாவுக்கு நேராகத் திருப்பினான். முழங்கால்களை அகட்டி, நடுவில் வலது கையைத் தொங்கவிட்டான். ஒரு விரல். இரண்டு விரல். ஒரு விரல்.

அர்பன் முன்னால் சாய்ந்தார். மூக்கிலிருந்த குழாய் இழுபட்டது, ரோசான் அதைத் தளர்த்திவிட்டாள். நேற்றுச் சாப்பிட்டது நினைவில்லாத அந்தக் கண்கள் விரல்களை விட்டு அசையவில்லை.

“ரெண்டாம் தளத்துல ஆள் இருக்கானா?”

“இருக்கான்ப்பா.”

“அப்போ வளைபந்து.”

“ஆமா.”

“சரிதானே,” என்றார் அர்பன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினார். பிறகு ரோசானைப் பார்த்து, “இனிப்புக்குச் செர்ரி பை ஏதாவது இருக்கா?” என்றார்.

டெசா தகட்டைத் துணியோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெர்லின் படியிறங்கி வந்தான். சிலர் கை கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் கர்ட் அவனுக்காகக் காத்திருந்தான். டையை அவிழ்த்துக் கையில் சுற்றியிருந்தான்.

“உன்னை யாரு அதை மைக்ல சொல்லச் சொன்னா?”

“புதன்கிழமை சொல்ல வந்தேன்.”

“தெரியும். அதனாலதான் போயிட்டேன்.” குரல் உயரவில்லை. அதுவே வெர்லினுக்கு அதிகப் பயமாக இருந்தது. “சைகை காட்டினவன் நான். என்ன காட்டினேன்னு எனக்குத் தெரியாதா? நீ வந்து எனக்குச் சொல்லணுமா?”

“அப்போ ஏன்டா உன் தப்புன்னு சொன்னே?”

“அடுத்த சனிக்கிழமை இன்னொரு ஆட்டம் இருந்துச்சு. சைகையை மீறினவனைக் கோச் உக்கார வெச்சிருப்பார். எனக்கு விரல் போச்சு. உனக்கும் ஆட்டம் போனா யாரு எறிவா? ஒரு வாரம் தாங்கலாம்னு நெனச்சேன். அந்த ஆட்டம் முடிஞ்சதும் நீயே சொல்லிடுவேன்னு நெனச்சேன்.” டையை அவிழ்த்து மறுபடி சுற்றினான். “ஒரு வாரம்தான்டா நான் குடுத்தேன் உனக்கு.”

வெர்லின் மன்னிப்புக் கேட்டான். கேட்டதும் அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று தெரிந்தது.

“சரி,” என்றான் கர்ட். சரி என்றால் மன்னித்தேன் என்றா, போதும் நிறுத்து என்றா? அவன் விளக்கவில்லை. ரோசான் அர்பனை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை வேனில் ஏற்றினார்கள். வெர்லின் இடது கையால், கர்ட்டும் இடது கையால். இரண்டு பேரும் ஒரே கையை நீட்டியதால் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். “ஒருத்தர் சுத்தி அந்தப் பக்கம் வாங்க,” என்றாள் ரோசான். “அவர் என்ன மூட்டையா?”

அர்பன் நவம்பர் கடைசியில் போனார். ரோசான் சொன்ன கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்னால். அந்த ஆறு வாரமும் அவர் ஸ்பூனைத் தள்ளிவிட்டு வேறு என்னென்னவோ சொன்னார். ஓட்ஸில் உப்பில்லை என்றார், செவிலிகள் திருடுகிறார்கள் என்றார். பழைய வாக்கியத்தை ஒரு முறை ஆரம்பித்தார். “ரெண்டு வரைக்கும்…” என்று நிறுத்தி, விரலைத் தானே நீட்டிப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்தார். அவள் ஊட்டினாள்.

தகடு மார்ச்சில்தான் சுவருக்கு வந்தது. நாலாவது வரி மாறியிருந்தது: “பதினேழாவது ஆட்டக்காரரைக் கட்டைவிரல் உடைந்த நிலையில் தொட்டு வெளியேற்றியவர் கேட்சர் கர்ட் நீகேம்ப்.” டெசா எழுதி இருவருக்கும் அனுப்பியிருந்தாள். கர்ட் திருத்தம் ஒன்றும் சொல்லவில்லை.

தீவனக் கடையில்தான் சிக்கல். விருந்துக்கு அடுத்த திங்கட்கிழமை கர்ட் உள்ளே வந்தபோது லானி வாயைத் திறந்தான், “டேய் ரெ…” என்று முழுங்கினான். “கர்ட்,” என்றான்.

“அது யாரு?” என்றான் கர்ட், காப்பி ஊற்றிக்கொண்டே. “முப்பத்தாறு வருஷம் கூப்பிட்டுட்டு இப்போ வேற பேரு வெக்கிறீங்களா? நான் காட்டினது ரெண்டு. அது சரியான பேருதான். விடு.”

லானி கொஞ்ச நேரம் யோசித்தான். அவனுக்கு எதையும் சும்மா விட முடியாது. “அப்போ எறிஞ்சவன் ஒண்ணு,” என்றான்.

அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. வெர்லின் எந்தப் பண்ணைக்குப் போனாலும், “என்ன ஒண்ணு, இன்னைக்குச் சொன்ன தொட்டியைத்தான் ரொப்புவியா?” என்று கேட்டார்கள். தபால்காரர் கேட்டார். மூத்த மகள் டேட்டனிலிருந்து போன் போட்டு, “அப்பா, உங்களை என்னமோ சொல்றாங்களாமே,” என்றாள். முதல் ஒரு மாதம் கேட்கும்போதெல்லாம் அவனுக்குக் காது மடல் எரிந்தது. முப்பத்தாறு வருஷம் என்றால் எவ்வளவு நீளம் என்று இப்போது ஒரு கணக்குத் தெரிந்தது.

கர்ட் மட்டும் அவனை அப்படிக் கூப்பிடவில்லை. தொட்டி நிரப்ப வெர்லின் இரண்டு முறை போனான். கர்ட் கொட்டகைக்குள்ளேயே இருந்தான், வெளியே வரவில்லை. பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை, பட்டம் சொல்லியும் கூப்பிடவில்லை.

ஜனவரியில் குளிர் திடீரென்று இறங்கிய ஒரு காலை. கேஸ் அலுவலகத்தில் மேசைக்காரப் பெண் வெர்லினிடம் ஒரு சீட்டை நீட்டினாள். “நீகேம்ப் பண்ணையிலேர்ந்து போன். தொட்டியில இருபதுக்குக் கீழ இறங்கிடுச்சாம், குட்டி போட்ட பன்றிங்க குளிர்ல கிடக்காம். வேற டிரைவரை இப்பவே அனுப்பறேன்னேன். வேண்டாம்னுட்டார்.”

“என்ன சொன்னான்?”

அவள் சீட்டைப் பார்த்து வாசித்தாள். “‘ஒண்ணை அனுப்பு.’”

வெர்லின் வலது கையை முதலில் நுழைத்துக் கோட்டை மாட்டினான். லாரியைக் கிளப்பினான்.